கண்ணாடியில் தெரிந்த கை

பேராலயத்துக்குப் புதிதாக வந்த பாடகர் குழுத் தலைவிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பாடகர்கள் பீடத்தருகே நிற்கிறார்கள். ஆர்கன் வாத்தியமோ கடைக்கோடியில், வாசலுக்கு மேலே உள்ள மாடத்தில். ஆனாலும் பாட்டும் வாசிப்பும் இம்மி பிசகவில்லை.

ஒத்திகை முடிந்ததும் மாடமேறி, வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"எப்படிங்க இவ்வளவு சரியா பிடிக்கிறீங்க?"

மறுபடி கேட்டாள். மனிதர் திரும்பாமல் தாளைப் புரட்டினார்.

விறுவிறுவென்று கீழே வந்து, குழுவில் பாடும் அவர் மனைவியிடம் பொரிந்து தள்ளினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இவ்வளவு தலைக்கனம் ஆகாது. நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"பார்த்தாச்சுங்க. வந்தவங்க எல்லாம் பாட்டைக் கேட்டு வாசிச்சாங்க. இவ்வளவு பெரிய கட்டடத்துல சத்தம் அங்க போய்ச் சேரவே நேரமாகுது. அதனால எல்லாருமே பின்தங்கிட்டாங்க."

"இவர் மட்டும் எப்படி?"

"மேலே கண்ணாடி மாட்டியிருக்கே, அதுல உங்க கையை மட்டும் பார்த்து வாசிப்பார்."

"பாட்டு காதுல விழத்தானே செய்யும்?"

"விழுந்துட்டு இருந்தப்ப இவரையும் வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. காது சுத்தமா போன பிறகுதான் திரும்பக் கூப்பிட்டாங்க."