கிட்டே வராதே!

"கிட்டே வராதே! உன் விரல் பட்டா ஒரு பொறி பறக்கும், என் கம்ப்யூட்டர் பஸ்பமாயிடும்!"

முதன்முதலாகத் தன் கையாலேயே உதிரிபாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பொருத்திக்கொண்டிருந்த ரிட்டையர்டு கணக்கர், மனைவியை வாசற்படியிலேயே நிறுத்தினார். அவர் மணிக்கட்டில் மட்டும் வயர் வைத்த பட்டை. உடம்பு மின்சாரத்தை அது இறக்கிவிடுமாம்.

"கைவிலங்கு பொருத்தமாத்தான் இருக்கு. நீங்களே உடைச்சுட்டா?"

"ஆயுசுக்கும் பாத்திரம் நான் தேய்க்கிறேன், போதுமா?"

பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல் மூச்சடக்கிப் பொருத்தி முடித்தார். பட்டனை அழுத்தினார். திரை பளிச்சென்றது.

"ஜெயிச்சுட்டேன்! வந்து பாரு!" என்று அவளை இழுத்துவர வாசலுக்கு ஒரே பாய்ச்சல்.

மணிக்கட்டுப் பட்டையை அவர் கழற்றவில்லை; அதன் வயரின் மறுமுனை கம்ப்யூட்டர் பெட்டியைக் கவ்விக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரும் மேஜையைவிட்டு அவர் பின்னாலேயே பாய்ந்தது.

அவள் இரு கைகளையும் தூக்கிக் காட்டினாள்.

"நான் தொடவே இல்லைங்க. பாத்திரமெல்லாம் அந்தப் பக்கம் இருக்கு."