மொட்டை ஓரம்

தம்பியின் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. வீட்டில் விற்க மிச்சமிருந்தது அப்பா சேர்த்துவைத்த தபால்தலைகள் மட்டும்தான். அண்ணன் அவற்றை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்திருந்தார்.

தபால்தலைக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, ஒரு தலையின் ஓரத்துப் பற்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"மூணு ஓரம் பல்லு சரியா இருக்குங்க. நாலாவது ஓரம் மொட்டை. யாரோ கத்தரிச்சிருக்காங்க. இது செல்லாது."

"இதே மாதிரி இன்னொண்ணும் இருக்கு" என்று, தம்பியின் பங்குக்கு வந்ததையும் பையிலிருந்து எடுத்து வைத்தார் அண்ணன்.

கடைக்காரர் இரண்டு மொட்டை ஓரங்களையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். முடி அளவுகூடப் பிசகாமல் பொருந்தின. அவர் முகம் மலர்ந்து, மறுகணமே செத்துப்போனது.

"ஐயா, இது ஜோடி. கிழிக்கிறதுக்காக நடுவுல போடுற ஓட்டையை மெஷின் போடாம தவறவிட்டிருக்கு. இப்படி ஒண்ணுக்காக ஆளுங்க தவம் கிடக்கிறாங்க. பிரியாம இருந்திருந்தா நீங்க கேட்டதை யோசிக்காம எடுத்துக் கொடுத்திருப்பேன். எந்தப் பாவி வெட்டினான்?"



அப்பாவின் ஆல்பத்தைப் பங்கு பிரித்த அன்று தம்பி சொன்னான்: "நடுவுல ஓட்டையே இல்லண்ணே, கிழிய மாட்டேங்குது. ரெண்டையும் நீயே வச்சுக்க."

"பங்குன்னா பங்குதான். தம்பியை ஏமாத்திட்டான்னு நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது. எடு அந்தக் கத்தரியை" என்று கையை நீட்டியவர் அண்ணன்தான்.