பொன்மணி திறக்கச் சொல்லாத பெட்டி

கடைசிப் பெட்டியிலும் டேப் ஒட்டியாயிற்று. பொன்மணி வாயைத் திறக்கவில்லை.

நான் அவள் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டார். சூப்பர்வைசர் ஐயாதுரை அண்ணன் நோட்டோடு கேட் பக்கம் நின்றார். அவர் கண்ணும் அவள் மேல்தான்.

இந்தப் புண்ணியவதி எத்தனை நாள் இதே லாரியை நிறுத்தி வைத்திருக்கிறாள்!

ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனியில் பேண்டேஜ் சுருள்களைப் பெட்டியில் அடுக்குகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் மம்சாபுரம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம், முப்பத்தொரு வயது. அவளைப் போல ஒழுங்காக அடுக்க இன்னொருத்தி பிறந்துதான் வர வேண்டும். ஆனால் பெட்டியை ஒட்டின மறு நிமிடமே அந்த நினைப்பு வந்துவிடும். உள்ளே ஊக்கு விழுந்திருக்குமோ? அது யார் புண்ணிலாவது குத்திவிடுமோ?

திறந்து காட்டினால் ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு அதே பெட்டி, அதே ஊக்கு. இத்தனைக்கும் அவள் உடம்பில் ஒரு ஊக்கு கிடையாது.

நான் சும்மா இருப்பேனா?

"ஏட்டி, ஊக்கு மட்டுந்தானா? உள்ள உங்க அம்மா உக்காந்திருக்காளான்னும் பாத்துக்கோ" என்பேன்.

அவள் நிஜமாகவே யோசிப்பாள். "இல்லக்கா, அம்மா வீட்ல இருக்காங்க."

அவளிடம் கேலி செய்து நான் ஜெயித்ததே இல்லை.

போன வருஷம்தான் மதுரை டாக்டர் அவளுக்கு ஆட்டிசம் என்று சொன்னார். அதற்கு மாத்திரை கிடையாதாம், அது அவள் பிறவிச் சுபாவமாம். இந்த விடாத நினைப்புக்குத்தான் மாத்திரை. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்ப்போம் என்றாராம். முதல் இரண்டு வாரம் குமட்டலும் தூக்கமின்மையுமாகப் பாவம், படாத பாடு பட்டாள். கூடவே ஒரு பயிற்சியும் உண்டு. நினைப்பு வந்தால் பெட்டியைத் திறக்கக் கூடாது, அது தானாக அடங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

முதலாளி மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். அதற்குப் பிறகும் இவளால் லாரி நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். இன்றோடு மூன்று மாதம் முடிகிறது.

இன்று முப்பத்தெட்டுப் பெட்டிகள். ஒன்றைக்கூட அவள் திறக்க வைக்கவில்லை. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் சொந்தத் தங்கச்சி பாஸானது மாதிரி இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மூக்கில் மூக்குத்தி இல்லை.

வேலை நேரத்தில் நகை போடக் கூடாது என்பது இங்கே சட்டம். காதில் கையில் கிடப்பதையெல்லாம் கேட்டிலேயே கழற்றிவிடுவோம். மூக்குத்தியை மட்டும் நான் கழற்ற மாட்டேன். வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது வெறும் மூக்கோடு நிற்கவா? மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டிவிட்டேன். இப்போது பிளாஸ்திரியையும் காணோம்.

மேஜை மேல், தரையில், முந்தானையில் பார்த்தேன், எங்கேயும் இல்லை.

சொன்னால் இவள் என்ன ஆவாள்? ஒன்றும் விழாது, ஒன்றும் விழாது என்று மூன்று மாதமாகப் பழக்கியிருக்கிறோம். இப்போது விழுந்தே விட்டது என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாவிட்டால் அது எந்த ஊர் ஆஸ்பத்திரியில், யார் புண்ணில் போய் ஏறும்?

லாரி நகர்ந்தது. அது கேட்டைத் தாண்டும் வரை நான் பேசாமல்தான் நின்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க!"

ஐயாதுரை அண்ணன் பழக்க தோஷத்தில் பொன்மணியை முறைத்தார்.

"அவ இல்லண்ணே, நாந்தான். என் மூக்குத்தி பெட்டிக்குள்ள விழுந்திருச்சு."

"எந்தப் பெட்டி?"

எனக்கு எங்கே தெரியும்? முப்பத்தெட்டையும் பிரித்தால் விடிந்துவிடும்.

"இருபத்தாறு" என்றாள் பொன்மணி.

இறக்கித் திறந்தோம். மேலிருந்து இரண்டாவது அடுக்கில், இரண்டு சுருள்களுக்கு நடுவில், பிளாஸ்திரியில் ஒட்டியபடி என் மூக்குத்தி கிடந்தது.

பொன்மணி அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அந்த ஒரு பெட்டியை மட்டும் திரும்ப ஒட்டினாள். அடுத்த பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஐயாதுரை அண்ணன் நோட்டில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், என் பெயரை எழுதினார். அந்த இடத்தில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. நாளைக்கு முதலாளியிடம் எனக்குக் கச்சேரி இருக்கிறது. அது கிடக்கட்டும், இவள் வேலை தப்பித்தது.

லாரி போன பிறகு கேட்டேன். "ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

"இருபத்தஞ்சாவது பெட்டிய ஒட்டையில ஒங்க மூக்குல பிளாஸ்திரி இருந்துச்சு. இருபத்தாறு ஒட்டையில இல்ல."

"அடிப்பாவி! அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்ல வந்தேனேக்கா. டீ குடிக்கையில, அந்தப் பெட்டியத் தெறக்கணும்னு ஆரம்பிச்சேன். நீங்கதான் எல்லார் முன்னாடியும், மாத்திரைய முழுங்கினேல்ல, வாய மூடிட்டு இருன்னு சொன்னீங்க."

அவளுக்குக் குறை சொல்லவெல்லாம் தெரியாது. நடந்ததைச் சொன்னாள்.

ஆமாம், சொன்னேன். எல்லாரும் சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.