முதல் பத்தி

தையல் கடையின் கட்டிங் மேஜையில் துணிகளை ஒதுக்கிவிட்டு அவள் ஒரு சிறுகதையைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறாள். அஞ்சல்வழிப் படிப்பு, சாயங்காலத்துக்குள் அனுப்பியாக வேண்டும். ஜன்னல் வழியே இறங்கும் மதிய வெயிலில், தாளின் மேல் படிந்த சாக்பீஸ் தூள் மினுங்குகிறது. காலடியில் கசக்கிப் போட்ட தாள்கள். எதிரே கணவர் ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். "இந்தா, முதல் வரியைப் படி, கேப்போம்," என்கிறார். "இலக்கியம் காலத்தின் கண்ணாடி." "ஃப்ரீ சைஸ் சட்டை மாதிரி இருக்கே. எந்தக் கதைக்கும் மாட்டி விட்டுடலாம்." அவளுக்குச் சுருக்கென்கிறது, சிரிப்பும் வருகிறது. "நேத்து வாசிச்சுக் காட்டினியே, அந்தக் கதைதானே?" என்கிறார் அவர். " அந்தப் புருஷன் தங்கமான ஆளு. அதை எழுது." "தங்கமா? கதை முழுக்க ஒரு தடவையாவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டானா? ஏய், இந்தா, இங்க வா, அவ்வளவுதான். கடைசிப் பக்கம் வரைக்கும் அவ பேர் என்னன்னே நமக்குத் தெரியல..." பொரிந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிற்கிறாள். கண்கள் விரிகின்றன. பேனாவைத் தேடி எடுத்து, சொன்னதையே எழுத ஆரம்பிக்கிறாள். வரிகள் ஓடுகின்றன, வளையல்கள் மேஜையில் உரசிக் கிலுகிலுக்கின்றன. இஸ்திரிப் பெட்டி பாதிச் சட்டையில் நின்றுவிடுகிறது. அவர் அதை நிமிர்த்தி வைக்கிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார். பிறகு, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "டீ சொல்லட்டுமா?" என்கிறார். அவள் நிமிரவில்லை. "இன்னொரு தடவை கூப்பிடுங்க," என்கிறாள், எழுதிக்கொண்டே.