வலது கைப்பட்டை

எதிர்ப் பக்கம் காலி.

அவள் சக்கர நாற்காலியை நடுக்கோட்டில் நிறுத்தி அந்தக் காலியிடத்தையே பார்த்தாள். திருச்சியில் ஒரு கல்லூரி உள்ளரங்கம். தரையை நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பாதியில் சக்கரத் தடம் ஒன்றுகூட இல்லை.

தூத்துக்குடி அணி வரவில்லை.

பக்கத்து நாற்காலியில் சோலைராஜா. அவனுக்குக் கால்கள் நன்றாகவே இருக்கின்றன. சக்கர நாற்காலி ரக்பி லீக்கில் நடக்கிறவர்களும் உட்கார்ந்து ஆடலாம்.

"நடக்காமயே வாக்ஓவர் வாங்குன மொத டீம் நம்மதேன்" என்றான்.

மதுரை அணியின் மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மேடைமேல் கோப்பை. அதன் அடியில் வருடத்துக்கு ஒரு தகடு. எல்லாத் தகட்டிலும் தூத்துக்குடி. கடைசித் தகடு மட்டும் வெறுமை.

தோற்றவர்களுக்குத் தகடு கிடையாது. இருந்திருந்தால் பாதிக்கு மேல் மதுரைதான்.

முதல் வருடம் எட்டு ஊர்கள் வந்தன. அப்புறம் ஓர் ஊருக்கு ஆட இடம் தரவில்லை, தரை கீறிவிடுமாம். ஓர் ஊரில் சக்கரம் உடைந்தது, மாற்றித் தர ஆளில்லை. ஓர் ஊரில் கேப்டனைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

நாக்அவுட் என்றால் தோற்றவர் வெளியே. இங்கே தோற்காதவர்கள்தான் வெளியே போனார்கள்.

மிச்சம் இரண்டு அணிகள். இன்று ஒன்று.

காலையில் ஜெசிந்தா போனில் பேசினாள். தூத்துக்குடியின் கேப்டன்.

"ஏளா, ஒரு பஸ்காரனும் சேரை ஏத்த மாட்டேங்கான். பஸ் ஸ்டாண்டுலயே கெடக்கோம்."

சாயங்காலம் வரை பொறுக்க முடியுமா என்று அவள் நடுவரிடம் கேட்டுப் பார்த்தாள். சீஃப் கெஸ்ட் கிளம்ப வேண்டும் என்றார் நடுவர்.

சீஃப் கெஸ்டின் கார் வாசலிலேயே நின்றது. சரிவுப் பாதையை மறித்துக்கொண்டு.

இந்த ஆட்டத்தில் பந்தோடு போகிறவரை நிறுத்த ஒரே வழிதான். கையில் ஒட்டியிருக்கும் பட்டையைப் பறிக்க வேண்டும். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று. பறித்தவர் திருப்பித் தர வேண்டும். ஒட்டிக்கொண்டு மறுபடி ஆடலாம்.

போன வருட இறுதிப் போட்டியில் பந்து அவளிடம். எல்லைக்கோடு எட்டும் தூரத்தில் இருந்தது. ஜெசிந்தா அவள் வலது கைப்பட்டையைப் பறித்தாள். 'சர்' என்று ஒரு சத்தம். அதே நொடியில் கடைசி விசில்.

பட்டையை ஜெசிந்தா தரவில்லை. தன் மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, அடுத்த வருசம் வந்து பிடுங்கிக்க."

ஒரு வருடம் அதற்காகத்தான் சக்கரம் தள்ளினாள். உள்ளங்கை காய்த்துப்போனது. வேறு யாரும் அவளிடம் எதையும் பிடுங்க வருவதில்லை. விலகி வழிவிடுவார்கள். பாவம் என்பார்கள்.

இப்போது வலது கையில் ஒட்டியிருப்பது கடையில் வாங்கிய புதுப் பட்டை.

நடுவர் வரிசையாக வந்தார். ஐந்து பேரும் இரண்டு கைப்பட்டையோடு நின்றால் வாக்ஓவர் செல்லும். கோப்பை கிடைக்கும். கோப்பையோடு சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை.

அவள் வீட்டில் முதல் டிகிரி அவளுடையது. அது டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்ட ஆபீஸ் எல்லாம் மாடியில் இருந்தது.

"கையைக் காட்டும்மா."

அவள் இடது கையைக் காட்டினாள்.

பிறகு வலது கைப்பட்டையைத் தானே பறித்தாள்.

காலி அரங்கத்தில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. பட்டையை எதிர்ப் பக்கம் எறிந்தாள்.

"மதுரையும் ரெடி இல்ல சார்."

இரண்டு அணியும் தயாராக இல்லாவிட்டால் இறுதிப் போட்டி தள்ளிப்போகும். இன்னொரு நாள் நடக்கலாம். நடக்காமலே போகலாம்.

சீஃப் கெஸ்ட் கிளம்பிப் போனார். கோப்பையைத் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள்.

சோலைராஜா எழுந்து நின்றான். அவளுக்கு மேலே, உயரத்தில் இருந்தது அவன் முகம்.

"ஒன் வேலைக்காகத்தேண்டி நாங்க வந்ததே."

அவள் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினாள்.

ஆடும் நாற்காலிகளை வேனில் ஏற்றினார்கள். வீட்டு நாற்காலியில் அவள் தனியாக வெளியே வந்தாள். நீங்கள் போங்கள் என்றாள். ஒரு தடவைக்கு மேல் யாரும் கூப்பிடவில்லை.

வேன் மதுரைக்குப் போனது.

ரோட்டோரம் வெயில். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

ஒரு பஸ் வந்தது. கை காட்டினாள். நின்றது.

கண்டக்டர் படியில் நின்றபடி நாற்காலியைப் பார்த்தார். "இதெல்லாம் ஏத்த முடியாதும்மா. பின்னாடி வண்டி வருது."

பின்னால் வந்த வண்டி நிற்கவே இல்லை.

அதற்கடுத்த பஸ் ஆளை இறக்க நின்றது. அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதன் முன்னால் போனாள். நட்ட நடுவில் நிறுத்தினாள். பிரேக்கை இழுத்துவிட்டாள்.

டிரைவர் ஹாரன் அடித்தார். விடாமல் அடித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பெயர் எழுதியிருந்தது. தூத்துக்குடி.

கண்டக்டர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார்.

"பிடுங்கிக்கங்க" என்று அவள் இடது கையை நீட்டினாள்.

அதில் இன்னும் ஒரு பட்டை இருந்தது.