ஆஷ்மியர் பிரபுவின் ஒன்பதாவது குழந்தை

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டில் காலை வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கம்பளத்தில் படுத்துக் கிடக்கிறது. எட்டு மாத வயிற்றோடு சோபாவில் சாய்ந்திருக்கும் வசந்தாமணிக்கு விரல்கள் வீங்கியிருக்கின்றன. அதனால் அவள் சொல்லச் சொல்ல, கணவன் வெள்ளியங்கிரி இரண்டே விரல்களால் கம்ப்யூட்டரில் தட்டுகிறான். கோவையில் அவள் தொடங்கிய ஆய்வேடு அது. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மந்திரியாக இருந்த ஆஷ்மியர் பிரபுவைப் பற்றியது. பிரசவத்துக்குள் அனுப்பிவிட வேண்டும். "அவர் கொண்டுவந்த மசோதா நிறைவேறிய அன்றே அவர் மனைவி ஒன்பதாவது பிரசவத்தில் இறந்தார்" என்கிறாள். விசைகளின் சத்தம் நின்றுபோகிறது.

"இந்த லைன் வேண்டாம் வசந்தா. ஸ்கிப் பண்ணீரலாம்."

"நடந்ததை எப்படிங்க விடறது? அது அந்தக் காலம். நமக்கு டாக்டர் எல்லாம் நார்மல்னுதானுங்களே சொன்னாங்க?"

அவன் திரையையே பார்க்கிறான். "அந்தக் கொழந்தை?"

"பொண்ணு. கிளாரான்னு பேரு. எண்பத்தி நாலு வயசு வரைக்கும் இருந்தா. அப்பாவோட கடுதாசி அத்தனையும் சேத்து வெச்சதே அவதானுங்க. அவ இல்லீன்னா என்ற தீசிஸே இல்ல."

மறுபடி விசைகள் மெல்லச் சத்தமிடுகின்றன. வசந்தாமணி சோபாவின் கையைப் பிடித்து எழுந்து, அவன் தோள்மேல் சாய்ந்து எட்டிப் பார்க்கிறாள். தாயின் மரணம் ஒரே வரியில் இருக்கிறது. மகளின் எண்பத்து நான்கு வயது மட்டும் தடித்த எழுத்தில் நிற்கிறது. ஆய்வேட்டில் அப்படி இருக்கக் கூடாது.

"இருக்கட்டுங்க" என்கிறாள்.