கேட்டுச்சா?

டீச்சர் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது.

"கேட்டுச்சா?"

நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல் அவளுக்கு.

பக்கத்து சீட்டில் இருந்த மெக்கானிக் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்டார். ஏ.சி.யின் முனகல். இன்ஜினின் மெல்லிய உறுமல். அவ்வளவுதான்.

"இல்லியே டீச்சர்."

வண்டி வாங்கி இருபத்திரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சீட்டின் பாலிதீன் உறையைக்கூட அவள் இன்னும் முழுசாகக் கிழிக்கவில்லை. பிரேக் கிறீச்சிடுகிறது என்று சர்வீஸ் சென்டருக்கு வருவது இது மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவையும் அவரே ஓட்டிப் பார்த்தார். இரண்டு தடவையும் ஜாப் கார்டில் 'சத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அந்த ஒர்க்‌ஷாப்பில் அதற்குமேல் பேச்சு கிடையாது. இருபத்தெட்டு வருஷ அனுபவம். வண்டி வாசலில் நுழையும்போதே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் பாம்புக்காது.

இன்று டீச்சர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நானே ஓட்டுகிறேன், நீங்கள் கூட உட்காருங்கள் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

புது வண்டி வாங்குகிறவர்களில் சிலர் அப்படித்தான். புது மருமகளிடம் குறை தேடுவது மாதிரி எதையாவது தேடிக்கொண்டே இருப்பார்கள். பாவம், வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லைபோல என்றும் அவருக்குத் தோன்றியது. அந்தப் பாடு அவருக்குத் தெரியாததில்லை.

அடுத்த திருப்பத்தில் மறுபடி மிதித்தாள். அதற்கடுத்த வேகத்தடையிலும். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல் சுருங்கியது. ஒவ்வொரு தடவையும் அவர் உதட்டைப் பிதுக்கினார்.

பஸ் ஸ்டாப் பக்கத்து சிக்னலில் சிவப்பு விழுந்தது. இந்த முறை அவள் வேண்டுமென்றே மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினாள்.

பஸ்ஸுக்கு நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

பெஞ்சில் இருந்தவர் பல் கூசியதுபோல் முகத்தைச் சுளித்தார். ஒருத்தி தோளில் தூங்கிய குழந்தையின் காதைப் பொத்தினாள். கம்பத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

காருக்குள் ஏ.சி. முனகிக்கொண்டிருந்தது.

டீச்சர் அவர் பக்கம் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சட்டென்று ரோட்டைப் பார்த்துக்கொண்டாள். பச்சை விழுந்து, பின்னால் ஹார்ன் அடித்த பிறகும் அவள் கிளம்பவில்லை.

"எத்தனை நாளா, அண்ணே?" என்றாள். குரலை இன்னும் உயர்த்தியிருந்தாள்.

அவர் கையை விரித்தார்.

திரும்பி வந்ததும் யாரையும் பக்கத்தில் விடாமல் அவரே முன்சக்கரத்தைக் கழற்றினார். கிறீச்சிடாமல் இருக்க பிரேக் பேடின் முதுகில் வைக்கிற மெல்லிய தகடு அங்கே இல்லவே இல்லை. வண்டியைச் செய்தபோதே மாட்டாமல் விட்டிருக்கிறார்கள். கண்ணால் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். காதை நம்பி அவர் சக்கரத்தைக் கழற்றவேயில்லை.

தகட்டை மாட்டிக்கொடுத்தார். டீச்சர் ஒரு சுற்றுப் போய்வந்து, கண்ணாடியை இறக்கி, நிம்மதியாகச் சிரித்தாள். கையாட்டிவிட்டுப் போனாள்.

அவர் பழைய ஜாப் கார்டு இரண்டையும் தேடி எடுத்தார். 'சத்தம் இல்லை' என்பதை அடித்துவிட்டு 'எனக்குக் கேட்கவில்லை' என்று எழுதினார். மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார்.

கை கழுவக் குழாயடிக்குப் போனவர் சோப்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

அவர் மனைவி மகன் வீட்டுக்குப் போய் எட்டு மாசம் ஆகிறது. எப்போதுமே சன்னமான குரல் அவளுக்கு. ஏன் போனாள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாயே திறக்காமல் படியிறங்கிவிட்டாள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன்.

இந்த வீம்பில்தான் எட்டு மாசத்தையும் தள்ளியிருந்தார்.

குழாய்த் தண்ணீர் கையில் விழுந்து வழிந்தது. அந்தக் காலைவேளை அவர் கண்முன்னால் வந்து நின்றது.

அவள் அவருக்கு முதுகைக் காட்டி, வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. குனிந்திருந்த தலை விட்டுவிட்டு அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு நிமிர்ந்தாள். திரும்பாமல், கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

பதிலுக்காகக் காத்திருக்கிறவள் அப்படித்தான் நிற்பாள்.